பழைய அலாய் வீலும் ரேஸ் ட்ராக்கும்: சக்கரம் மறக்காத கணக்கு

இந்த எபிசோட் ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிக்குது. கார் பைத்தியம் பிடிச்ச பசங்க கூடுற எந்த இடத்துலயும் இந்தக் கேள்வி வரும். அது புதுக்கோட்டை கீழ ராஜ வீதி டீக்கடையா இருந்தாலும் சரி, சென்னையில ஐடி கம்பெனி பார்க்கிங்கா இருந்தாலும் சரி. "செகண்ட் ஹேண்ட்ல செம்ம அலாய் வீல் ஒண்ணு வந்திருக்கு. கொஞ்சம் வேலை பார்த்தா நம்ம காருக்கு உக்காந்துடும். போட்டுக்கிட்டு ஒரு ட்ராக் டே போயிட்டு வரலாமா?"

"கொஞ்சம் வேலை"ங்கிற அந்த ரெண்டு வார்த்தைக்குள்ள நிறைய அடங்கியிருக்கு. வளைஞ்ச விளிம்பைச் சூடு பண்ணி நிமிர்த்துறது, விரிசலை வெல்டிங் வைக்கிறது, போல்ட் ஓட்டை பொருந்தலைன்னா புதுசா ஓட்டை போடுறது, நடு ஓட்டையை லேத்துல கடைஞ்சு பெருசாக்குறது, ஸ்பேசர் வச்சு வெளிய தள்ளுறது, கடைசியா பளபளன்னு பெயின்ட் அடிக்கிறது.

பதில் ஒரே வார்த்தைதான்: வேண்டாம். ஆனா "வேண்டாம்"னு மட்டும் சொன்னா எவனும் கேக்க மாட்டான். ஏன் வேண்டாம்னு புரியணும்னா சக்கரத்தோட வரலாறு கொஞ்சம் தெரியணும். நான் படிச்சது இன்ஜினியரிங், சோறு போடுறது சாஃப்ட்வேர். அதனால இன்னைக்குப் படிச்ச படிப்புக்குக் கொஞ்சம் வேலை கொடுப்போம்.

நம்ம ஊர் ரேஸ், நம்ம ஊர் சக்கரம்

புதுக்கோட்டை மாவட்டத்துல கார் ரேஸ் ட்ராக் கிடையாது. நமக்குப் பக்கம்னா கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்துல இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே, 2003-ல வந்தது. இன்னொண்ணு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ட்ராக். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்போடது, 1990-ல இருந்து இருக்கு. அதுக்கு முன்னாடி ரேஸ் எல்லாம் சோழவரத்துல, இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளத்துல நடந்துச்சு.

ஆனா ரேஸ் நமக்குப் புதுசா என்ன? அறந்தாங்கி, திருமயம் பக்கம் கோயில் திருவிழான்னா மாட்டு வண்டிப் பந்தயம் இல்லாம முடியாது. பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டுன்னு பிரிவு பிரிச்சு ரோட்டுல பறக்க விடுவாங்க. அந்த ஊர்ல வளர்ந்த எவனுக்கும் சக்கரம்னா சும்மா உருளுற பொருள் இல்ல.

பழைய மர வண்டிச் சக்கரத்தை நினைச்சுப் பாருங்க. நடுவுல குடம். அதுல இருந்து கிளம்புற ஆரக்கால்கள். அதைச் சுத்தி வளைவு வளைவா வட்டை. எல்லாத்துக்கும் வெளிய இரும்புப் பட்டா. பட்டாவை நெருப்புல பழுக்கக் காய்ச்சி, விரிஞ்சிருக்கும்போதே சக்கரத்து மேல இறக்கி, தண்ணியை ஊத்துவாங்க. இரும்பு சுருங்கி மொத்தச் சக்கரத்தையும் இறுக்கிப் பிடிச்சுக்கும். கோடையில மரம் காய்ஞ்சு பட்டா தளர்ந்தா, சக்கரத்தைக் குளத்துத் தண்ணியில ஊறப் போடுவாங்க. மரம் ஊறி மறுபடி இறுகிடும்.

இந்தச் சக்கரத்துல ரெண்டு விஷயத்தைக் குறிச்சு வச்சுக்கங்க. ஒண்ணு, அது பேசும். தளர்ந்தா கிறீச்சுனு சத்தம் கொடுக்கும், ஆரக்கால் ஆடும், வண்டிக்காரருக்குக் காதுலயே தெரிஞ்சிடும். ரெண்டாவது, அது பல துண்டுகள் சேர்ந்த பொருள். ஆரக்கால் முறிஞ்சா ஆரக்காலை மட்டும் மாத்தலாம். வட்டை போனா வட்டையை மாத்தலாம். பழுது பார்த்த சக்கரமும் புதுச் சக்கரம் மாதிரியே உழைக்கும்.

"சக்கரம்தானே, பட்டறையில கொடுத்தா சரி பண்ணிடலாம்"ங்கிற நம்பிக்கை இங்கிருந்துதான் நமக்கு வந்திருக்கு. மரச் சக்கரத்துக்கு அது நூத்துக்கு நூறு சரி. வார்ப்பு அலாய் வீலுக்கு அது செல்லாது. ஏன்னு பார்க்க, ஒரு ரயில் விபத்துக்குப் போவோம்.

1842: முறியக் கூடாத அச்சு முறிஞ்ச கதை

1842 மே 8. ஃபிரான்ஸ்ல மன்னர் லூயி ஃபிலிப்பைக் கொண்டாடுற விழா. வெர்சாய்ல இருந்து பாரிஸ் திரும்பிய ரயில்ல கூட்டம் நிரம்பி வழிஞ்சது. மியூடான் பக்கத்துல இன்ஜினோட அச்சு முறிஞ்சது. பின்னாடி வந்த பெட்டிகள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறித் தீப்பிடிச்சது. பெட்டிக் கதவுகள் வெளிப்பக்கம் பூட்டியிருந்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உலகத்தையே சுத்தி வந்த கடலோடி டூமான் தூர்வீல் தன் குடும்பத்தோட அதுல இறந்துபோனார்.

பொறியாளர்களைக் குழப்பின விஷயம் இதுதான். அந்த அச்சு அந்த எடையைத் தாங்கக்கூடியது. தினமும் தாங்கிக்கிட்டுதான் இருந்துச்சு. அப்போ அன்னைக்கு மட்டும் ஏன் முறியணும்?

அடுத்த வருஷமே ஸ்காட்லாந்துக்காரர் ராங்கின், அச்சுல திடீர்னு அளவு மாறுற முனைகள்ல சின்ன விரிசல் பிறந்து, மெதுவா உள்ளே வளருதுன்னு காட்டினார். அப்புறம் 1850-கள்ல இருந்து பிரஷ்யாவின் ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர், அச்சுகளைத் திரும்பத் திரும்ப வளைக்கிற இயந்திரங்களைச் செஞ்சு, வருஷக் கணக்குல சோதனை பண்ணினார். அவர் கண்டுபிடிச்சது: ஒரே தடவை கொடுத்தா உலோகம் அலட்டிக்காம தாங்குற சுமையை, லட்சக்கணக்கான தடவை கொடுத்தா அதே உலோகம் முறியும். இதைத்தான் உலோகச் சோர்வுன்னு சொல்றோம்.

மயிலிறகா இருந்தாலும் அளவு மீறி ஏத்தினா அச்சு முறியும்னு வள்ளுவர் சொன்னது நம்ம எல்லாருக்கும் ஸ்கூல்லயே தெரியும். அது ஓவர்லோடு. வோலர் சொன்னது அதுக்கும் அடுத்த கட்டம். அளவு மீறவே வேண்டாம், அளவுக்குள்ள இருக்கிற சுமையே போதும், எண்ணிக்கை மட்டும் ஏறிக்கிட்டே போனா சரி.

இதுல எஃகுக்கு ஒரு சலுகை உண்டு. ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழ சுமை இருந்தா, எத்தனை கோடி தடவை கொடுத்தாலும் பெரும்பாலும் தாங்கிடும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு தெளிவான எல்லை கிடையாது. சுமை சின்னதா இருந்தாலும் கணக்கு ஓடிக்கிட்டே இருக்கும்.

எவ்வளவு கணக்குன்னு ஒரு தோராயம் போடுவோம். நம்ம ஊர்ல ஓடுற ஒரு 16 இன்ச் வீல், டயரோட சேர்த்தா ஒரு சுத்துக்கு 2 மீட்டருக்குக் கொஞ்சம் கம்மியா நகரும். 50,000 கி.மீ. ஓடின வீல்னா சுமார் 2.5 கோடி சுத்து. ஒவ்வொரு சுத்துலயும் அந்த வீலோட ஒவ்வொரு ஆரமும் கொஞ்சூண்டு வளைஞ்சு நிமிருது. நீங்க வாங்கப் போற பழைய வீல்ல அந்த 2.5 கோடியும் எழுதியிருக்கு. பள்ளம், வேகத்தடை, நடுத்தெருவுல ஏறி இறங்கின கல் எல்லாம் அதுக்கு மேல. ஆனா அதைப் படிக்கிறதுக்கு மீட்டர் கிடையாது. ஓடோமீட்டர் கார்ல இருக்கு, வீல்ல இல்ல.

அலாய் வீலோட பலம் எங்க இருக்கு?

அலாய் வீல் ரேஸ்ல இருந்துதான் தெருவுக்கு வந்துச்சு. 1924-ல லியோன் நகரத்துல நடந்த ஃபிரெஞ்சு கிராண்ட் ப்ரீயில புகாட்டி டைப் 35 களமிறங்கினப்ப அதுல வார்ப்பு அலுமினியச் சக்கரம். அன்னைக்கு அந்தக் கார்கள் திணறினது டயர் பிரச்னையால, சக்கரத்தால இல்ல. 1966-ல போர்ஷே 911 எஸ் காருக்கு ஃபூக்ஸ் கம்பெனி அலுமினியத்தை ஃபோர்ஜிங் பண்ணிச் சக்கரம் செஞ்சு கொடுத்துச்சு. எல்லாரும் எடையைக் குறைக்கத்தான் அலுமினியத்துக்கு வந்தாங்க.

இன்னைக்கு நம்ம கார்ல இருக்கிறது பெரும்பாலும் ஏ356 ங்கிற வார்ப்பு அலுமினியம். அதுல சுமார் 7 சதவீதம் சிலிக்கான், கொஞ்சம் மெக்னீசியம். வார்த்து எடுத்த உடனே அதுக்குப் பெரிய பலம் கிடையாது. சுமார் 540 டிகிரியில மணிக்கணக்கா வச்சு, சட்டுனு தண்ணியில குளிர வச்சு, மறுபடி 150 டிகிரிக்குக் கொஞ்சம் மேல சில மணி நேரம் வேக வைப்பாங்க. இதுக்கு டி6 பதப்படுத்தல்னு பேரு. இதுக்கு அப்புறம்தான் அந்த வீலுக்கு உண்மையான பலம் வருது.

அதாவது பாதி பலம் வடிவத்துல இருக்கு, மீதி பாதி கண்ணுக்குத் தெரியாத அந்தச் சமையல்ல இருக்கு. குடம், ஆரக்கால், வட்டைன்னு பிரிக்க முடியாது. முழுசும் ஒரே துண்டு.

இப்போ அந்தக் "கொஞ்சம் வேலை"யை ஒண்ணொண்ணா பாருங்க. விளிம்பை டார்ச் வச்சுக் காய்ச்சி நிமிர்த்தினா, அந்த இடத்துல பதப்படுத்தல் கெட்டுப்போகும். வெல்டிங் வச்சா உலோகம் அங்க உருகுது, அதைச் சுத்தி இருக்கிற பகுதி மெத்துன்னு ஆயிடும். விரிசல் மறைஞ்சிருக்கும், பலம் திரும்பியிருக்காது. பவுடர் கோட்டிங் அடுப்புல 200 டிகிரி வரைக்கும் போனா, அதுவும் அந்தச் சமையலை அளவுக்கு மேல வேக வைக்கிற வேலைதான். புதுசா போல்ட் ஓட்டை போட்டா, பழைய ஓட்டைக்கும் புது ஓட்டைக்கும் நடுவுல இருக்கிற உலோகம் மெலிஞ்சிடும். ராங்கின் காட்டின மாதிரி விரிசல் பிறக்கிறதுக்கு நாமளே புதுசா முனை செஞ்சு கொடுக்கிறோம். ஸ்பேசர் வச்சு வெளிய தள்ளினா, போல்ட்டுக்கும் வீல் பேரிங்குக்கும் வளைக்கிற விசை ஏறும். நட்டு உக்கார்ற இடம் கூம்பா, உருண்டையான்னு பார்க்காம கைக்குக் கிடைச்ச நட்டைப் போட்டா, எவ்வளவு இறுக்கினாலும் அது தளரும்.

கடைசியா பெயின்ட். பெயின்ட் வீலைக் கெடுக்காது, உங்க கண்ணைத்தான் கெடுக்கும். விரிசல் இருந்தா முதல்ல அது மேலதான் பூசுவாங்க.

தெரு வேற, ட்ராக் வேற

ஒரு புது அலாய் வீல் மாடல் விற்பனைக்கு வர்றதுக்கு முன்னாடி மூணு முக்கியமான சோதனை உண்டு. வளைவுல திரும்புற மாதிரி வளைச்சுக்கிட்டே சுத்துறது, எடையை அழுத்தி லட்சக்கணக்கான சுத்து ஓட விடுறது, விளிம்புல கனமான எடையைப் போட்டு இடிக்கிறது. இந்தியாவுல ஐஎஸ் 16192 தரநிலை இதுக்காகவே இருக்கு. சக்கரங்களுக்கு பிஐஎஸ் தரக்குறி கட்டாயம்னு மத்திய கனரகத் தொழில் துறை 2020-ல ஆணை போட்டுச்சு. ஜப்பான் வீல்ல ஜேடபிள்யூஎல்னு ஒரு முத்திரை பார்த்திருப்பீங்க, அதுவும் இதே மாதிரிதான். அந்த முத்திரை அந்தப் புது வீலுக்கு, அந்த ஓட்டை அமைப்புக்கு, அந்தச் சுமைக்குத்தான் சாட்சி சொல்லுது. நீங்க ட்ரில் வச்ச நிமிஷத்துல அந்தச் சாட்சி செல்லாது.

ட்ராக்குல சுமை எப்படி இருக்கும்? 1,000 கிலோ கார் ஒண்ணு 140 கி.மீ. வேகத்துல இருந்து 60-க்கு ஒரு தடவை பிரேக் பிடிச்சா, சுமார் 600 கிலோஜூல் வெப்பம் வெளிய வரும். ரெண்டு லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கிற வெப்பம் அது, சில விநாடிகள்ல. அடுத்த வளைவுல மறுபடி, அதுக்கடுத்து மறுபடி. அதுல ஒரு பங்கு வீலுக்கும் ஏறும். வளைவுல காரோட எடையில பெரும்பகுதி வெளிப்பக்க ரெண்டு சக்கரத்துக்குப் போயிடும். தெருவுல வருஷத்துக்குச் சில தடவை வர்ற சுமை, ட்ராக்குல ஒவ்வொரு சுத்துலயும் பல தடவை வரும்.

இன்னொரு விஷயமும் இருக்கு. நம்ம பசங்க யாரும் காரை லாரியில ஏத்திக்கிட்டு ட்ராக்குக்குப் போறதில்ல. அதே வீல்ல புதுக்கோட்டையில இருந்து திருச்சி வழியா செட்டிப்பாளையம் வரைக்கும் ஓட்டிப் போய், சாயங்காலம் அதே வீல்ல திரும்பி வருவான். ட்ராக்குல வீல் உடைஞ்சா மண்ணு இருக்கு, தடுப்பு இருக்கு, ஆம்புலன்ஸ் நிக்குது. கீரனூர் பக்கம் ராத்திரி உடைஞ்சா எதிர்ல வர்றது யாரோ ஒரு குடும்பத்தோட டூவீலர்.

1998: பெரிய கம்பெனியே சறுக்கின இடம்

"அதெல்லாம் பட்டறை மாடிஃபிகேஷன், நல்ல இன்ஜினியர் பண்ணா ஒண்ணும் ஆகாது"ன்னு நினைக்கிறவங்களுக்கு ஜெர்மனிக் கதை ஒண்ணு இருக்கு. அங்க ஐசிஇ அதிவேக ரயிலுக்கு முதல்ல ஒரே துண்டா செஞ்ச எஃகுச் சக்கரம் போட்டாங்க. ஓடும்போது அதிர்வு, சாப்பாட்டுப் பெட்டியில பாத்திரம் எல்லாம் கடகடன்னு ஆடுச்சு. அதனால நடுவுல ஒரு ரப்பர் பட்டை வச்சு, அதுக்கு மேல எஃகு வளையம் மாட்டின சக்கரத்துக்கு மாறினாங்க. சொகுசுக்காகச் செஞ்ச மாற்றம்.

ரப்பர் மேல உக்காந்த வளையம் ஒவ்வொரு சுத்துலயும் கொஞ்சம் நசுங்கி விரிஞ்சது. தேயத் தேய வளையம் மெலிஞ்சது, வளையறது கூடுச்சு. ஹானோவர் நகர டிராம் நிறுவனம் மெதுவா ஓடுற தன் வண்டிகள்லயே இந்த மாதிரிச் சக்கரம் எதிர்பார்த்ததுக்கு முன்னாடி விரிசல் விடுறதைப் பார்த்து, 1997-லயே மாத்திடுச்சு. 1998 ஜூன் 3, எஷெடே ஊர் பக்கத்துல 200 கி.மீ. வேகத்துல போன ரயில்ல அந்த வளையம் ஒண்ணு அறுந்தது. புதுசா இருந்தப்ப அந்தச் சக்கரத்தோட விட்டம் 920 மி.மீ. அன்னைக்கு 862. அனுமதிச்ச எல்லை 854. அதாவது விதிப்படி அது இன்னும் ஓடலாம். விரிசல் பிறந்தது வளையத்தோட உள்பக்கத்துல, வெளிய இருந்து பார்த்தா தெரியாத இடத்துல. 101 பேர் இறந்தார்கள்.

மாத்தினது தப்பில்ல. மாத்தினதுக்கு ஏத்த மாதிரி தேய்மானக் கணக்கையும் சோதனையையும் மாத்தாம விட்டதுதான் உயிரைக் குடிச்சது.

தேர் சொல்ற பாடம்

மறுபடி நம்ம ஊருக்கு வருவோம். 2022 ஜூலை 31, ஆடிப்பூரத் திருவிழா. புதுக்கோட்டை திருக்கோகர்ணம் கோயில் தேரை இழுக்க ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல, தேர் முன்பக்கமா சாய்ஞ்சு விழுந்துச்சு. பலர் காயப்பட்டாங்க. ஒரு மூதாட்டி சில நாள் கழிச்சு மருத்துவமனையில இறந்துட்டார். சக்கரத்துக்குக் கொடுத்திருந்த கட்டையில சக்கரம் தடுத்து நிக்க, வடம் பிடிச்சவங்க இழுத்துக்கிட்டே இருந்ததா செய்திகள் சொல்லிச்சு. இது உலோகச் சோர்வு இல்ல, வேற வகை விபத்து. ஆனா சக்கரம், தடுப்பு, உயரம், இழுக்கிற விசை நாலும் ஒரே குடும்பம்னு அது காட்டுது. ஒண்ணை மட்டும் தனியா பார்க்க முடியாது.

அதே குடும்பத்தை மொத்தமா மாத்தினா நல்லது நடக்கும். அதுக்கும் உதாரணம் பக்கத்துலயே இருக்கு. திருவாரூர் ஆழித்தேர் 1948-க்கு அப்புறம் பல வருஷம் நிலையிலயே நின்னு, 1970-ல மறுபடி ஓடுச்சு. இன்னைக்கு அந்தத் தேர் ஓடுறது மரச் சக்கரத்துல இல்ல. திருச்சி பெல் நிறுவனம் செஞ்ச இரும்புச் சக்கரம், இரும்பு அச்சு, ஹைட்ராலிக் பிரேக். சக்கரத்தை மட்டும் மாத்திட்டுப் போயிடல, அச்சையும் பிரேக்கையும் சேர்த்தே யோசிச்சாங்க. அதுதான் மாடிஃபிகேஷன். பழைய வீல்ல ட்ரில் வைக்கிறதுக்கு அந்தப் பேர் பொருந்தாது.

சரி, அப்போ என்ன பண்ணலாம்?

ட்ராக் ஆசை தப்பில்ல. எனக்கும் உண்டு. ரெண்டு மூணு விஷயம் மட்டும் கடைப்பிடிங்க.

கார் கம்பெனி கொடுத்த ஸ்டீல் வீலே முதல் ட்ராக் டேக்குத் தாராளம். வேகம் கத்துக்கிறது உங்க கைதான், வீல் இல்ல. அலாய் வேணும்னா, உங்க காரோட போல்ட் அமைப்பு, நடு ஓட்டை, ஆஃப்செட், சுமை அளவு எல்லாம் அப்படியே பொருந்துற, தரக்குறி இருக்கிற புது வீல் வாங்குங்க.

பழசுதான் முடியும்னா, எந்தக் கார்ல இருந்து வந்துச்சு, எவ்வளவு ஓடுச்சுன்னு தெரிஞ்ச, நிமிர்த்தாத, வெல்டிங் வைக்காத வீலை மட்டும் பாருங்க. பெயின்ட்டை உரிச்சு டை பெனட்ரன்ட் சோதனை பண்ணுங்க. சிவப்புச் சாயத்தைத் தெளிச்சுத் துடைச்சு, மேல வெள்ளைப் பவுடர் அடிச்சா, விரிசல் இருக்கிற இடத்துல சிவப்புக் கோடு தெரியும். திருச்சியில ஃபேப்ரிகேஷன் வேலை பார்க்கிற யாருக்கும் இது தெரிஞ்ச சங்கதி. ஆனா இது ஏற்கெனவே மேற்பரப்புல வாய் திறந்த விரிசலை மட்டும்தான் காட்டும். இனிமே திறக்கப் போற விரிசலைக் காட்டாது. ட்ராக்குல முதல் சில சுத்து முடிஞ்சதும், வீல் ஆறினதுக்கு அப்புறம் டார்க் ரெஞ்ச் வச்சு நட்டுகளைப் பாருங்க.

சட்டமும் தெரிஞ்சுக்கங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவை வச்சு, கம்பெனி கொடுத்த விவரக்குறிப்புக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில சொல்லியிருக்கு. உங்க சாதாரண இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படிச்சுப் பாருங்க. ரேஸுக்கும் வேகச் சோதனைக்கும் ஓட்டினா பாதுகாப்பு இல்லைன்னு அதுல எழுதியிருக்கும்.

மர வண்டி காலத்துல சக்கரம் ஆபத்தை முன்கூட்டியே சத்தம் போட்டுச் சொல்லிச்சு, கேட்டுட்டுப் பட்டறைக்குப் போனாங்க. அலாய் வீல் பெரும்பாலும் உடையுற வரைக்கும் வாயே திறக்காது. அதனால அதோட பழைய கதை தெரியாம அது மேல ஏறாதீங்க.

அடுத்த எபிசோட்ல பிரேக் பத்திப் பேசுவோம். பத்திரமா ஓட்டுங்க மக்களே.